மரியாதையும் புகையும்: கொல்லிமலை வீட்டுக்குள் ஒரு வரலாறு

கொல்லிமலையின் பழைய மலையாளி வீடுகளில் சன்னல் அரிது. மூங்கில் தப்பைகளைப் பின்னி இருபுறமும் மண் பூசிய சுவர், காட்டுப்புல் வேய்ந்த கூரை, குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு வாசல். உள்ளே பெரும்பாலும் ஒரே அறைதான். சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, தானியச் சேமிப்பு எல்லாம் அதற்குள்ளேயே நடந்தன. அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண் இருக்கும். அடுத்த பட்டத்துக்கு வேண்டிய சாமை, தினை, கேழ்வரகு விதைகள் அடுப்புப் புகை படும்படி அங்கே வைக்கப்பட்டிருக்கும். புகை படிந்த விதையில் வண்டு விழாது. கூரைப் புல்லிலும் மூங்கிலிலும் கரி ஏற ஏறச் செல்லரிப்பது குறையும். மழைக்காலத்தில் உளுத்துப்போவதும் தள்ளிப்போகும். மலையில் வீட்டுப் புகைக்கு இப்படி ஒரு வேலை இருந்தது. அதை முழுக்க வெளியேற்ற யாரும் முனையாததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல.

மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. நாமக்கல் மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் இந்த மலை வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று பொறுப்பாளர்கள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் குளிர் கடுமையாக இருக்கும். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. அந்த நாள்களில் வாசலை அடைத்துவிட்டு அடுப்பைச் சுற்றிப் படுப்பதே வழக்கம். கொசுவும் அண்டாது. காய்ச்சலுக்குப் பேர்போன மலை இது. கொசுவை விரட்டும் புகையை யார் குறை சொல்வார்கள்?

புகையை நல்லதாகக் காணும் பார்வை மலைக்கு மட்டும் உரியதல்ல. சித்த மருத்துவம் வகுக்கும் 32 புறமருந்துகளில் புகையும் ஒன்று. மூலிகையை எரித்து அதன் புகையைப் புண்ணிலோ மூக்கிலோ படச் செய்வது அந்த முறை. குளிப்பாட்டிய கைக்குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துவது தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் நடக்கிறது. கோயிலில் குங்கிலியம், கல்யாண வீட்டில் ஓமப்புகை, வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் சாம்பிராணி. கொல்லிமலைக்கென்று கோரக்கர் குகையும் இருக்கிறது. அந்தச் சித்தரின் பெயரால் வழங்கும் மூலிகை கஞ்சா. புகை தூய்மை செய்யும், பிணி நீக்கும், தெய்வத்திடம் சேர்க்கும் என்ற நம்பிக்கை ஊறிய வீட்டுக்குள்தான் புகையிலை நுழைந்தது.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை போர்ச்சுகீசியர் கப்பல்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1617இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் புகைபிடிப்பதைத் தடை செய்தார், தடை நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில் அது எவ்வளவு விரைவில் ஊரோடு ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது சான்று. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பும் நூல் அது. திண்டுக்கல் வட்டாரம் புகையிலைக்குப் பெயர்பெற்றது. கொல்லிமலையின் தென்சரிவிலிருந்து பார்த்தால் தெரியும் திருச்சிச் சீமை சுருட்டுக்குப் பெயர்பெற்றது; உறையூரில் சுற்றிய சுருட்டுகள் கப்பலேறி இங்கிலாந்து வரை போயின. மண்ணாலும் மரத்தாலும் செய்த சுங்கானும் வழக்கில் இருந்தது. பீடி பிந்தி வந்தது. இருபதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, வேலூர் பக்கங்களில் பீடி சுற்றுவது பெருந்தொழிலான பிறகு, கூலிக்காரர் கைக்கும் எட்டும் விலையில் கட்டுக்கட்டாகக் கிராமக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாகவும், பின்னர் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை வழியாகவும், மலைச் சந்தைகளுக்கும் அது ஏறியது.

புகையிலை வந்ததும் அதைச் சுற்றி ஓர் ஒழுங்கும் உருவானது. தமிழ்நாட்டில் எங்கும் உள்ள ஒழுங்குதான் அது. அப்பனுக்கு முன்னால் மகன் பீடி பற்றவைக்க மாட்டான். ஊர்ப் பெரியவர் எதிரே வந்தால் பீடி முதுகுப்பக்கம் போய்விடும். அல்லது கீழே விழுந்து காலடியில் நசுங்கும். மாமனார் வீட்டில் கொல்லைப்புறம். ஊர்க்கூட்டத்தில் பெரிய மனிதர் சுருட்டுப் பிடிக்கலாம், எதிரே நிற்பவன் பிடிக்கக் கூடாது. இந்த விதிகளை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிய சட்டங்களை விட நன்றாகக் கடைப்பிடிக்கப்பட்டன. ஆனால் அவை நுரையீரலை நினைத்து வந்தவை அல்ல. படிநிலையை நினைத்து வந்தவை. மேலே இருப்பவர் மூக்குக்கு நேரே புகை போகக் கூடாது. கீழே இருப்பவர் மூக்குக்குப் போகலாம். மனைவி முன்னாலும், மடியில் கிடக்கும் பிள்ளை முன்னாலும் பீடியை ஒளிக்க வேண்டும் என்று எந்த மரியாதையும் சொல்லவில்லை. ஆகவே வீட்டுக்குள் பிடிக்கும் பீடியின் புகை, மறுத்துப் பேச முடியாதவர்களைத்தான் போய்ச் சேர்ந்தது. ஆட்சேபிக்கும் உரிமை யாருக்குக் குறைவோ அவர்களே அதிகம் சுவாசித்தார்கள். பிறர் புகையின் வரலாறு நெடுகிலும் இந்தக் கோணல் இருக்கிறது.

எழுதிய சட்டங்களும் முதலில் இதே வழியில்தான் போயின. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், தனியே ஒதுக்கப்பட்ட பெட்டி தவிர மற்றவற்றில் சக பயணிகளின் இசைவில்லாமல் புகைபிடிப்பவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் விதித்தது. உடல்நலம் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஒரே பெட்டியில் அமர்ந்திருக்கும் கனவான்களுக்கிடையேயான நாகரிகம் அது. 1989இல் வந்த புதிய ரயில்வே சட்டம் இதைச் சற்று மாற்றியது. பெட்டியில் உள்ள வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைபிடிக்கக் கூடாது, மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். ரயில்வே நிர்வாகம் முழுமையாகத் தடை செய்யவும் அதில் இடமுண்டு. ஆனாலும் பழைய சட்டத்தில் புகைப்பவர்தான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. புதியதில் புகை தாங்காதவர் வாய்திறக்க வேண்டியதாயிற்று. நூறு ஆண்டில் மருத்துவம் எவ்வளவோ முன்னேறிய பிறகு சட்டம் இந்த ஒரு புள்ளியில் பின்னால் நகர்ந்திருப்பது வியப்புதான். இரண்டாம் வகுப்புப் பெட்டியில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண், எதிரே அமர்ந்திருக்கும் ஆணிடம் ஆட்சேபம் சொல்வாள் என்று சட்டம் எழுதியவர்கள் எப்படி எதிர்பார்த்தார்கள் என்பது தெரியவில்லை.

அதைவிடப் பழைய ஒரு சட்டப்பிரிவும் இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு, சுற்றிலும் வசிப்பவர்களுக்கோ வழியில் போகிறவர்களுக்கோ உடல்நலக் கேடு விளையும்படி காற்றைக் கெடுப்பதைக் குற்றம் என்றது. பீடிக்கும் சிகரெட்டுக்கும் அது பொருந்தும் என்று ஒரு நீதிமன்றம் சொல்வதற்கு 139 ஆண்டுகள் ஆயின.

மலைக்கு மேலைமருத்துவம் வந்த கதையிலும் புகைக்கு இடம் கிடைக்கவில்லை. 1913இல் ஜெசி பிராண்டும் அவர் மனைவி எவலினும் கொல்லிமலையில் குடியேறினார்கள். கிறித்தவ ஊழியத்தோடு வைத்தியமும் பள்ளியும் நடத்தினார்கள். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட், 1914இல் பிறந்த அவர்களுடைய மகன். ஜெசி பிராண்ட் எதிர்கொண்ட பெரும் பிணிகள் நரம்புச் சிலந்தியும் மலைக்காய்ச்சலும். முதலாவது கிணற்றுத் தண்ணீரால் வந்தது. காலில் புண் இருப்பவர்கள் தண்ணீரில் இறங்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் அதைத் தடுக்கலாம் என்று அவர் பாடுபட்டார். இரண்டாவது 1929இல் அவர் உயிரையே கொண்டுபோனது. எவலின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டு இறங்காமல், 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

தண்ணீரால் வரும் நோய் கண்ணுக்குத் தெரியும். புண்ணிலிருந்து புழு வெளியே வரும். காய்ச்சல் சில நாள்களிலேயே ஆளைக் கொல்லும். புகையின் வேலை அப்படியல்ல. இருமும் கிழவியை இருமல் கிழவி என்று ஊர் கூப்பிடும். அடுப்படியில் கிடந்ததால் வந்தது என்பார்கள், வயசானால் வருவதுதான் என்பார்கள். மார்ச்சளி கட்டி இறந்த கைக்குழந்தைக்குக் குளிரோ காற்றுச் சேட்டையோ காரணமாகும். இருபது முப்பது ஆண்டு கழித்து வெளிப்படும் கேட்டை மலை மருத்துவமனையில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. புகைப்பவருக்கே நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புள்ளிவிவரத்தோடு காட்டியது 1950இல்தான். புகைக்காதவரைப் பற்றிய ஆய்வுக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அந்த ஆய்வு ஜப்பானிலிருந்து வந்தது. தகேஷி ஹிராயாமா என்ற மருத்துவர், புகைப்பழக்கம் இல்லாத 91,540 மனைவிமார்களை 1966 முதல் 1979 வரை, பதினான்கு ஆண்டுகள், தொடர்ந்து கணக்கெடுத்தார். அவர்களுடைய கணவர்கள் எவ்வளவு புகைப்பவர்கள் என்ற விவரம் அவரிடம் இருந்தது. 1981 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகள் வெளிவந்தன. கணவன் அதிகம் புகைக்கப் புகைக்க, மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பும் படிப்படியாக ஏறியிருந்தது. வேளாண் குடும்பங்களில், கணவர் நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுக்குள் இருந்த வீடுகளில், ஆபத்து இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. அதே ஆண்டில் கிரேக்கத்திலிருந்தும் இதேபோன்ற முடிவு வந்தது. சிகரெட் நிறுவனங்கள் ஹிராயாமாவின் கணக்கில் பிழை இருப்பதாகப் பிரசாரம் செய்தன. பின்னர் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, புகைக்காதவருக்கும் புற்றுநோய் வரும் என்று ஏற்றது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பிறர் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. 2006இல் அமெரிக்க அறிக்கை, இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்றது. ரயில் பெட்டிக் கனவான்களைப் பார்த்துத் தொடங்கிய விவகாரத்தில் சான்று கிடைத்தது மனைவிமார்களின் மரணப் பதிவேட்டிலிருந்து.

பிறர் புகை இரண்டு வழியாக வருகிறது. புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விடுவது ஒன்று. எரியும் நுனியிலிருந்து நேராக எழுவது மற்றொன்று. சிகரெட் பிடிக்கும் அறையில் உள்ள புகையில் பெரும்பங்கு, சுமார் 85 சதவீதம், நுனிப்புகைதான். இழுக்கும்போது நுனி நன்றாகக் கனன்று எரிகிறது. இழுக்காத நேரத்தில் வெப்பம் குறைந்து, அரைகுறையாகப் புகைகிறது. அரைகுறையாக எரிவதால் அமோனியா, கார்பன் மோனாக்சைடு, நைட்ரோசமீன் போன்றவை எடைக்கு எடை நுனிப்புகையில் கூடுதல். வடிகட்டி வழியாகவும் அது வருவதில்லை. புகையிலைப் புகையில் 7000க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் 70 அளவில் புற்றுநோய் தருபவை. துகள்கள் மிக நுண்ணியவை. மூக்கு முடியிலோ தொண்டைச் சளியிலோ சிக்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்ச் சேரும்.

பீடியின் நடைமுறை சற்று வேறு. இலை அடர்த்தியானது, காற்று எளிதில் புகாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் பீடி பிடிப்பவர் அடிக்கடி, ஆழமாக இழுக்கிறார். அவர் நுரையீரலுக்குள் போகும் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகம். வெளியே ஊதுவதும் அதிகம். சுருட்டு நேர்மாறானது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். திண்ணையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலும் அது பாட்டுக்குப் புகைந்துகொண்டே இருக்கும்.

உடலில் இதன் வேலை உடனே தொடங்குகிறது. புகைக்காத இளைஞர்களை அரை மணி நேரம் புகை அறையில் உட்காரவைத்து அளந்தபோது, இதயத் தமனிகள் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் திறன் குறைந்திருந்தது என்று 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது. வீட்டிலோ வேலையிடத்திலோ தொடர்ந்து பிறர் புகையில் இருப்பவருக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 20 முதல் 30 சதவீதமும் கூடுகிறது. பிள்ளைகளுக்கு மூச்சுக்குழல் சிறியது, மூச்சு வேகமானது, எழுந்து வெளியே போகவும் தெரியாது. ஆஸ்துமா, நடுக்காதில் சீழ், மார்ச்சளிக் காய்ச்சல், தொட்டிலிலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவது ஆகியவை புகை உள்ள வீட்டில் அதிகம். கர்ப்பிணி இந்தப் புகையைச் சுவாசித்தால் பிறக்கும் குழந்தையின் எடை குறைகிறது.

பொதுவாகப் பிறர் புகை என்றதும் புற்றுநோயே நினைவுக்கு வருகிறது. எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 2011இல் லான்செட் இதழில் வந்த உலகக் கணக்கின்படி, 2004ஆம் ஆண்டில் பிறர் புகையால் இறந்தவர்கள் சுமார் 6,03,000 பேர். அவர்களில் இதயநோயால் இறந்தவர்கள் 3,79,000, மூச்சுத்தொற்றால் 1,65,000, நுரையீரல் புற்றுநோயால் 21,400. மொத்தத்தில் 47 சதவீதம் பெண்கள், 28 சதவீதம் குழந்தைகள், 26 சதவீதம் ஆண்கள். கொல்லையில் நின்று பீடி பிடிக்கச் சொல்லும் உரிமை வரிசை இதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் ஓடுகிறது. பிந்தைய கணக்குகளில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கிறது.

காசநோய் தமிழ்நாட்டுக்கு நெருக்கமான செய்தி. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலானோர் செய்த ஆய்வு 2003இல் லான்செட்டில் வந்தது. நடுவயது ஆண்களில் புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவரைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. காசம் ஒட்டுவது. புகைப்பவருக்கு நோய் முற்றினால், அதே பாயில் படுக்கும் குடும்பத்துக்கும் பரவ வழி பிறக்கிறது. ஓரறை வீட்டில் பீடியால் வரும் கேடு புகையோடு முடிவதில்லை என்று அந்த ஆய்வைக் கொண்டு ஊகிக்கலாம்.

சட்டம் விழித்துக்கொண்டது 1999இல். அந்த ஆண்டு ஜூலை 12ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது மேலே சொன்ன 278ஆம் பிரிவின்படி காற்றைக் கெடுக்கும் குற்றம் என்றும், உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதம் என்றும் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2001 நவம்பர் 2ஆம் தேதி, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் முதலிய இடங்களில் நாடு முழுக்கப் புகைக்கத் தடை விதித்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு 2002இல் ஒரு சட்டம் செய்தது; புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் சேர்த்துத் தடுக்கும் சட்டம். இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்ததிலிருந்தே, ஆட்சியாளர் கண்ணுக்கு இது இன்னும் ஓரளவு அசுத்தப் பிரச்சினையாகவே தெரிந்தது என்று கொள்ளலாம். அதே 2002இல்தான் பாபா படத்தில் ரஜினிகாந்த் புகைபிடிப்பதை எதிர்த்து பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய போராட்டம் ஊர் ஊராகப் பேசப்பட்டது. அந்தச் சண்டை, பார்ப்பவர்கள் பழகிவிடுவார்கள் என்பதைப் பற்றியது. பக்கத்தில் இருப்பவர் மூச்சைப் பற்றியதல்ல.

மத்திய அரசின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003இல் நிறைவேறி 2004 மே முதல் நடைமுறைக்கு வந்தது. அதை வலுப்படுத்தும் விதிகள் 2008 அக்டோபர் 2ஆம் தேதி, அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, அமலாயின. பொது இடம் என்பதில் வேலையிடம், உணவகம், தேநீர்க் கடை, பேருந்து நிலையம் எல்லாம் அடங்கின. அபராதம் 200 ரூபாய் வரை. 60 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எச்சரிக்கைப் பலகை கட்டாயம். முப்பது அல்லது அதற்கு மேல் இருக்கை உள்ள உணவகமும், முப்பது அறை உள்ள விடுதியும், விமான நிலையமும் மட்டும் தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம்.

மலையில் இதன் பலன் முதலில் தெரிந்தது பேருந்தில். 70 வளைவுகளில் ஏறும் வண்டியில் பனிக்காகக் கண்ணாடியை மூடிவிட்டுப் பீடியும் பற்றவைத்தால், வளைவுக்கே குமட்டும் பெண்களும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘புகை பிடிக்காதீர்’ என்ற எழுத்து தமிழ்நாட்டுப் பேருந்துகளில் இந்தச் சட்டங்களுக்கு வெகு முன்பே இருந்தது. நடத்துநர் கண்டிப்பானவராக இருந்தால் அது நடக்கும், இல்லாவிட்டால் எழுத்தோடு நிற்கும். நீதிமன்றங்களும் அபராதமும் வந்த பிறகு நடத்துநரின் சொல்லுக்குப் பலம் கூடியது. இன்று தமிழ்நாட்டில் ஓடும் பேருந்துக்குள் பீடி பற்றவைப்பவர் அபூர்வம்.

வீடு வேறு. பெரியவர்களின் புகையிலைப் பழக்கம் பற்றி இந்திய அரசு நடத்திய இரண்டு பெரும் கணக்கெடுப்புகளிலும், பிறர் புகையை அதிகம் பேர் சுவாசித்த இடம் வீடுதான். 2009-10இல் பெரியவர்களில் 52.3 சதவீதம் பேரும், 2016-17இல் 38.7 சதவீதம் பேரும் வீட்டுக்குள் புகைக்கு ஆளானார்கள். கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில், வேலையிடத்தில் புகைக்கு ஆளானவர்கள் இரண்டு முறையும் 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். வீட்டு எண்ணிக்கை குறைந்ததற்குப் புகைப்பவர்களே குறைந்ததும் ஒரு காரணம். சட்டம் எந்த வீட்டு வாசலையும் தாண்டவில்லை.

கொல்லிமலை வீட்டில் பீடிப் புகை தனியாக வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விறகடுப்பின் நுண்துகளும் புகையிலையின் நுண்துகளும் ஒரே நுரையீரலுக்குள்தான் போகின்றன. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான கிராம வீடுகளில் காற்றை அளந்து 2002இல் வெளியிட்ட முடிவுகள், விறகு எரிக்கும் வீடுகளில் சமைக்கும் பெண்கள் எரிவாயு வீட்டுப் பெண்களை விடப் பல மடங்கு துகளைச் சுவாசிப்பதைக் காட்டின. சமைக்காமல் அடுப்பருகே இருப்பவர்களும் தப்பவில்லை. 2006க்குப் பின் மாநில அரசு இலவச எரிவாயு அடுப்புகள் கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. உருளை தீர்ந்தால் விறகுதான். காட்டில் சுள்ளி காசில்லாமல் கிடைக்கிறது.

வீடும் மாறியது. மூங்கில் சுவரும் புல் கூரையும் போய், அரசுத் திட்டங்களின் காங்கிரீட் வீடுகள் வந்தன. இதில் கவனிக்க வேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. புல் கூரை புகையை மெல்ல மெல்ல வெளியே கசியவிடும். காலையில் மலைக்குடிசைகளின் கூரை முழுக்க ஆவி பறப்பதுபோல் தெரிவது அதனால்தான். காங்கிரீட் தளம் அப்படிக் கசியவிடாது. சன்னலை இரவுக் குளிருக்கு மூடிவிட்டால், பழைய குடிசையில் கலைந்திருக்கும் பீடிப் புகை புதிய அறையில் தங்கிவிடும். சன்னலைத் திறப்பதும் மின்விசிறி போடுவதும் புகையை நீர்க்கச் செய்யும், நீக்காது என்பது ஆய்வுகளின் முடிவு. துணியிலும் பாயிலும் சுவரிலும் படிந்த எச்சம், பிடித்தவர் வெளியே போன பிறகும் அங்கேயே இருக்கும்.

மலைச் சாலையோர ஊர்களில் முன்பக்கம் தேநீர்க் கடை, பின்பக்கம் குடித்தனம் என்று ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடங்களைக் காணலாம். கடைப் பகுதி 2008 விதிகளின்படி பொது இடம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பீடி பிடிப்பவரிடம் அபராதம் வாங்கலாம், கடைக்காரரும் பொறுப்பாளி. பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் இருந்தால் பீடி விற்பதே குற்றம். சுவருக்கு அந்தப்புறம், கடைக்காரர் குடும்பம் படுக்கும் அறையில், அதே பீடியை அவர் பிடித்தால் எந்தச் சட்டமும் கேள்வி கேட்காது.